வால்பாறையில் காட்டு விலங்குகளின் குடற்புழு ஆய்வு: ஐந்து மாதத்தில் முடியுமா?

ஈரப்பதம்:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல் கடைசி வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்ட் தலைப்பு "ஆனைமலைப் பகுதிப் பாலூட்டிகளின் குடல் ஒட்டுண்ணிகள்" என்று கைடு சொன்னார், நானும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. கையில் இருப்பது ஐந்து மாதம், கல்லூரி மைக்ரோஸ்கோப் ஒன்று, டிஎன்ஏ வேலைக்குப் பணம் சுத்தமாகக் கிடையாது.

போன மாதம் ஒரு முன்னோட்டம் பார்த்தேன். அனுமதி வைத்திருந்த ஒரு சீனியர் அக்காவோடு வால்பாறைப் பக்கம் மூன்று நாள் சுற்றினேன். மொத்தம் 11 மாதிரி கிடைத்தது. காட்டுமாடு நாலு, கடமான் மூன்று, சிங்கவால் குரங்கு இரண்டு, மரநாய் ஒன்று, யாருடையது என்றே தெரியாதது ஒன்று. ஜிப் கவரில் போட்டு, விடுதி அறையில் வைத்திருந்து, ஒன்பது நாள் கழித்து ஒரு லேபில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து "புழு முட்டை காணப்படவில்லை" என்று ஒரே வரியில் ரிப்போர்ட் வந்தது. காட்டில் ஒரு விலங்குக்குக்கூடவா புழு இருக்காது? லேபில் தப்பா, என்னிடம் தப்பா? அப்புறம், இந்தத் தலைப்பை இப்படியே வைத்துக்கொள்ளலாமா, மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

சாணிக்கியன்:

திட்டமாட்டேன். நானும் முதல் வருடம் இதையேதான் செய்தேன், கவர் மட்டும்தான் வேறு. தொழில் கால்நடை மருத்துவம், படித்தது ஒட்டுண்ணியியல், வாழ்க்கையில் பாதி சாணத்தில் போய்விட்டது, அதனால்தான் இந்தப் பெயர்.

தப்பு அந்த ஒன்பது நாளில் இருக்கிறது. காட்டுமாடு, கடமான் சாணத்தில் பெரும்பாலும் கிடைப்பது ஸ்ட்ராங்கைல் என்ற உருண்டைப்புழு வகையின் முட்டை, மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி செல்கள். அறைச் சூட்டில் அது ஒன்றிரண்டு நாளிலேயே பொரிந்து புழுக்குஞ்சாகிவிடும். நீங்கள் கொடுத்த நாளில் கவருக்குள் முட்டை இருந்திருக்காது, பூஞ்சைதான் இருந்திருக்கும். எடுத்த அன்றைக்கே பார்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் நாலு டிகிரியில் வைத்து அடுத்த ஓரிரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், அதுவும் முடியாவிட்டால் 10 சதவீத ஃபார்மலினில் போட்டுவிட வேண்டும். ஃபார்மலினில் போட்டது பின்னால் டிஎன்ஏவுக்கு ஆகாது, அதனால் ஒரு சிட்டிகை தனியாக எத்தனாலில் எடுத்து வையுங்கள். இப்போது பணம் இல்லை, சரி, நாளைக்கு யாராவது கொடுத்தால் அந்தக் குப்பிதான் சோறு போடும்.

இன்னொரு விஷயம். லேபில் உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு மட்டும் பார்த்திருப்பார்கள். அடர்த்தி 1.20 இருக்கிற உப்புத் தண்ணீரில் உருண்டைப்புழு முட்டை மேலே வந்துவிடும், தட்டைப்புழு முட்டை கனம், பெரும்பாலும் வராது, அடியிலேயே கிடக்கும். அதற்கு வண்டல் முறை. சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, படியவிட்டு, மேல்தண்ணியைக் கொட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றி, தெளிகிறவரை இதையே செய்வது. கடைசியில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டால் நார், குப்பை எல்லாம் நீலமாகிவிடும், ஈரல் தட்டைப்புழு முட்டை மட்டும் தேன் நிறத்தில் அப்படியே நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது, அன்றைக்குச் சாப்பாடு கூட மறந்துவிட்டது.

எண்ணிக்கைக்கு மெக்மாஸ்டர் ஸ்லைடு வாங்குங்கள், கோடு போட்ட இரண்டு சின்ன அறை இருக்கிற ஸ்லைடு அது. 2 கிராம் சாணம், 28 மில்லி உப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி வடிகட்டி இரண்டு அறையிலும் ஊற்றி, அஞ்சு நிமிஷம் விட்டு, கோட்டுக்குள் இருக்கிற முட்டைகளை எண்ணி 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு இத்தனை என்று வரும். இரண்டு அறையும் சேர்ந்து 0.3 மில்லி, அதில் இருப்பது 0.02 கிராம் சாணம், அதனால்தான் 50. இந்தக் கணக்கை வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

தலைப்புக்கு வருகிறேன். "பாலூட்டிகளின் ஒட்டுண்ணிகள்" என்பது தலைப்பு இல்லை, மளிகைக் கடைப் பட்டியல். ஒரு விலங்கு, அதிகம் போனால் இரண்டு, ஒரே ஒரு கேள்வி. அதற்கு மேல் ஐந்து மாதத்தில் முடியாது.

எப்படிப்பட்ட கேள்வி என்பதற்கு ஓர் உதாரணம். 2002இல் டி.என்.சி. வித்யாவும் ரா. சுகுமாரும் நீலகிரியில் யானை லத்தியை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடையாளம் தெரிந்த யானைகள், புது லத்தி, கிராமுக்கு எத்தனை முட்டை, அவ்வளவுதான். மழைக்காலத்தைவிட வறட்சிக் காலத்தில் புழுச் சுமை கூடுதலாக இருந்தது. இலையுதிர் காடா முள்காடா என்பதில் வித்தியாசம் இல்லை. உடம்பு மெலிந்த யானைக்குப் புழு அதிகம் இருக்கும் என்றுதானே நாம் எல்லோரும் நினைப்போம், வயதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு தொடர்பே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்ததுதான்: ஒரே யானை ஒரே நாளில் போட்ட இரண்டு லத்திக்குள் முட்டை எண்ணிக்கை கணிசமாக மாறியது, ஆனால் ஒரே குவியலுக்குள் எங்கே எடுத்தாலும் ஒன்றுபோல இருந்தது. அதாவது ஒரு குவியலில் பத்து இடத்தில் தோண்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை, ஒரே யானையின் பின்னால் நாள் முழுக்கப் போவதுதான் வேலை. இப்படி ஒரு தகவல் கிடைத்தால் அடுத்து வருகிற பத்துப் பேருக்கு உழைப்பு மிச்சம்.

டீத்தூள்:

நான் ஆய்வாளர் இல்லை, வால்பாறையில் பிறந்து வளர்ந்தவன், அப்பா எஸ்டேட்டில் வேலை, நான் சில வருடம் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களோடு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். லேப் சமாச்சாரம் அண்ணன் சொல்லிவிட்டார், நான் தரையில் நடப்பதைச் சொல்கிறேன்.

தங்கச்சி, சாணம் தேடுவதை வெயில் ஏறின பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலை பனி இருக்கும்போது தேயிலைக்கு நடுவில் காட்டுமாடு படுத்து எழுந்த இடத்தில் போனால் ஆவி பறக்கிற மாதிரியே கிடைக்கும். ஆனால் எழுந்து போய்விட்டதா என்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும், தேயிலைப் புதர் இடுப்பளவுதான் இருந்தாலும் படுத்திருக்கிற காட்டுமாட்டை மறைக்கும். புதுச் சாணம் என்றால் மேலே ஈரம் மினுங்கும், ஈ மொய்க்கும், சாணி வண்டு இன்னும் குடையத் தொடங்கியிருக்காது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிற அடிப்பகுதியை எடுக்காதீர்கள், மண்ணில் தனியாக வாழ்கிற புழு ஏறிக்கொள்ளும், நடுவில் இருந்து எடுங்கள். கூடவே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: மணி என்ன, ஜிபிஎஸ் எண், மழை பெய்ததா, பக்கத்தில் வீட்டு மாடு மேய்கிறதா. கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வால்பாறையில் விஷயமே அங்கேதான் இருக்கிறது. இங்கே காடு என்பது ஒரே துண்டாக இல்லை. நடுவில் தேயிலை, காபி, அதற்கிடையில் சோலை சோலையாகத் துண்டு துண்டாக நிற்கிறது, சுற்றிலும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அவர்கள் வளர்க்கும் மாடு. புதுத்தோட்டம் சோலையில் இருக்கிற சிங்கவால் குரங்கு மரத்தை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்து வீட்டுக் கூரை மேல் உட்கார்ந்து இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மரத்திலேயே வாழ்ந்து மரத்திலேயே சாக வேண்டிய குரங்கு அது. கீழே இறங்கினால் நம் ஆட்கள் கழித்த இடத்தில்தான் கால் வைக்கும். ஹைதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த ஆட்கள் இந்தக் குரங்குகளின் எச்சத்தைப் பார்த்து, மனித நடமாட்டம் இருக்கிற சோலைகளில் ஒட்டுண்ணிச் சுமை கூடுதல் என்று 2013இல் எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டிருந்தால் அதையே சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார்கள், ஆனால் எண்ணிக் காட்டினால்தானே ஆபீசில் எடுபடும்.

அனுமதி விஷயம்: எச்சம்தானே பொறுக்குகிறோம் என்று நினைக்காதீர்கள். சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழையவே 1972 வன உயிரினச் சட்டத்தின் 28வது பிரிவில் அனுமதி வாங்க வேண்டும், அது தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் வரை போய் வரும். உங்கள் ஐந்து மாதத்தில் பாதி அதிலேயே போய்விடலாம், இன்றைக்கே எழுதிப் போடுங்கள். எஸ்டேட் நிலத்திலும் மேனேஜரிடமும் ரேஞ்சரிடமும் சொல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். கூட வருகிற காடர் பழங்குடி அண்ணன்மார்களுக்குச் சாப்பாட்டுக்கும் கூலிக்கும் முதலிலேயே பேசிவிடுங்கள், கடைசி நாளில் தலையைச் சொறியக் கூடாது. அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலைத் தூளும்.

சும்மா கேக்குறேன்:

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். இத்தனை எண்ணி என்ன ஆகப்போகிறது? எங்கள் வீட்டில் ஆடு இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து ஊற்றுகிறோம், முடிந்தது கதை. காட்டு விலங்குக்குப் புழு இருப்பது தெரிந்தால் உப்புக்கட்டியில் மருந்தைக் கலந்து தண்ணீர் குடிக்கிற இடத்தில் வைத்துவிட வேண்டியதுதானே? எண்ணிக்கொண்டே இருந்தால் விலங்குக்கு என்ன லாபம்?

சாணிக்கியன்:

நியாயமான கேள்வி, கிண்டலாகக் கேட்டிருந்தாலும். ஆட்டை நீங்கள் வளர்ப்பது கறிக்கும் குட்டிக்கும், அங்கே ஒரு கிலோ குறைந்தால் நஷ்டம், அதனால் மருந்து ஊற்றுவது சரி. கடமானுக்கும் புழுவுக்கும் இருக்கிற பழக்கம் நமக்கு முந்தியது. புழு இல்லாத கடமான்தான் விசேஷம். பொதுவாகவே புழு எல்லா விலங்கிலும் சமமாக இருக்காது, ஊரில் கந்துவட்டிக் கடன் மாதிரி, பத்து வீட்டில் எட்டு வீடு சமாளிக்கும், மொத்தக் கடனும் இரண்டு வீட்டுத் தலையில் இருக்கும். அதனால் சராசரி என்று ஒரு எண்ணைச் சொன்னால் அது எந்த விலங்கையும் குறிக்காது. (ஈரப்பதம், இதையும் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை சதவீத மாதிரியில் இருந்தது என்பது வேறு, இருந்தவற்றில் எவ்வளவு இருந்தது என்பது வேறு, இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.)

மருந்து கலந்து வைப்பதில் இரண்டு வில்லங்கம். ஐவர்மெக்டின் மாதிரி குடற்புழு மருந்து சாணத்தோடு வெளியே வந்து சாணி வண்டின் புழுவைக் கொல்லும், வண்டு போனால் சாணம் அப்படியே காய்ந்து கிடக்கும். இரண்டாவது இன்னும் சுவாரசியம். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் பூங்காவில் காட்டெருமைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து கொடுத்த எருமைகளுக்கும் காசநோய் வந்தது, கொடுக்காதவற்றுக்கும் வந்தது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் மருந்து கொடுத்தவை காசநோயோடு அதிக நாள் உயிரோடு இருந்தன. கேட்க நல்ல சேதி மாதிரி இருக்கிறதா? நோயோடு அதிக நாள் மந்தைக்குள் சுற்றினால் அதிகம் பேருக்கு ஒட்டும். தனி எருமைக்கு லாபம், மந்தைக்கு நஷ்டம் என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உப்புக்கட்டி வைக்கிற முன்னால் எண்ண வேண்டியது இதற்காகத்தான்.

என்னைக் கேட்டால் காட்டில் பார்க்க வேண்டியது புழு இருக்கிறதா என்பதை இல்லை, யாருடைய புழு என்பதை. காட்டுமாட்டின் சொந்தப் புழு இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டு மாட்டிடமிருந்து புதிதாக வந்ததா, மனிதனிடமிருந்து குரங்குக்குப் போனதா, அதுதான் கவலை.

அப்புறம் அந்த மரநாய் எச்சம். கையுறை போட்டிருந்தீர்களா? மரநாய் பெரும்பாலும் பழம்தான் தின்னும், பரவாயில்லை. சிறுத்தை, செந்நாய் எச்சத்தை மட்டும் இந்த ப்ராஜெக்டில் தொடவே வேண்டாம். எக்கைனோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் முட்டை நாய்க் குடும்ப எச்சத்தில் வரலாம், அது வாய்க்குள் போனால் நம் ஈரலில் நீர்க்கட்டி வளரும். வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் சாகாது, எத்தனாலையும் நம்ப முடியாது, மைனஸ் 80 டிகிரியில் பல நாள் வைத்த பிறகுதான் லேபில் பிரிப்பார்கள். போதாக்குறைக்கு, சிறுத்தை எச்சத்தில் கிடைக்கிற முட்டை சிறுத்தையுடையதா, அது தின்ற கடமானின் குடலில் இருந்ததா என்று பிரித்துச் சொல்வதற்குள் உங்கள் டிகிரி முடிந்துவிடும்.

பேராதனைப் பக்கம்:

நான் இலங்கையில் இருந்து எழுதுறன். எங்கட பீடத்தில குரங்கு எச்சங்களைப் பாத்த அனுபவத்தில ஒரேயொரு விசயம். நுணுக்குக்காட்டியில உருண்டையாத் தெரியிறதெல்லாம் முட்டை இல்லை. மகரந்தம், பூஞ்சை வித்து, குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பாக்கேக்க வாயில போட்ட சிற்றுண்ணியின்ர முட்டை, எல்லாம் எச்சத்தில கனக்க வரும். சிற்றுண்ணி முட்டை பெரிசு, அதைப் பாத்துப் புதுப் புழு கண்டுபிடிச்சிட்டன் எண்டு துள்ளின ஆக்கள் இருக்கினம் (நானும்தான்). நுண்ணளவுகோல் வைச்சு ஒவ்வொன்றின்ர நீள அகலத்தையும் மைக்ரோமீற்றரில வடிவா எழுதுங்கோ. சாட்டைப்புழு முட்டை எலுமிச்சம்பழம் மாதிரி, இரண்டு முனையிலயும் தக்கை வைச்ச மாதிரி இருக்கும், அதில பிழை விடேலாது. ஸ்ட்ராங்கைல் வகையில முட்டையை மட்டும் பாத்து இனப்பெயர் எழுதாதீங்கோ, "ஸ்ட்ராங்கைல் வகை" எண்டு எழுதினாப் போதும். பெயர் கட்டாயம் வேணுமெண்டா முட்டையைப் பொரிக்க வைச்சு குடம்பியாக்கிப் பாக்க வேணும், இல்லாட்டி டிஎன்ஏ.

டீத்தூள்:

அட்டை என்று நான் எழுதியதும் ஒன்று ஞாபகம் வந்தது. அட்டையும் ஒட்டுண்ணிதானே, அதையும் ஆய்வில் சேர்க்கலாமே என்று ஒரு தடவை கூட வந்த சாரிடம் விளையாட்டாகக் கேட்டேன். சிரிக்காதே, வியட்நாமில் அட்டை குடித்த ரத்தத்தில் இருந்து டிஎன்ஏ எடுத்து அந்தக் காட்டில் என்னென்ன விலங்கு இருக்கிறது என்று 2012லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். அன்றிலிருந்து காலில் ஏறுகிற அட்டையைப் பிய்த்துப் போடும்போது இவன் கடைசியாக யாரைக் கடித்தானோ என்று ஒரு நிமிஷம் பார்ப்பேன்.

உண்ணியை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கர்நாடகாவில் க்யாசனூர் காட்டில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்த பிறகுதான் குரங்குக் காய்ச்சல் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது, பரப்புவது உண்ணி. செத்த குரங்கைப் பார்த்தால் பக்கத்தில் போகாமல் ரேஞ்சருக்குப் போன் போடுங்கள்.

ஈரப்பதம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இரண்டு வாரமாகப் பதில் போட முடியவில்லை. கைடிடம் பேசினேன். முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் "யாருடைய புழு" என்ற வரியைச் சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது தலைப்பு இது: வீட்டு மாடு மேய்கிற ஒரு பள்ளம், மேயாத ஒரு பள்ளம், இரண்டிலும் காட்டுமாட்டுச் சாணம், முதல் பள்ளத்தில் வீட்டு மாட்டுச் சாணமும். மிதவை, வண்டல் இரண்டு முறையும். பள்ளத்தின் அடியில் சதுப்பு இருக்கிறது, நத்தையும் இருக்கிறது, தட்டைப்புழுவின் குஞ்சு வளர்வது நத்தைக்குள்தான், அதனால் தட்டைப்புழு வரும் என்று எதிர்பார்க்கிறேன். அனுமதிக்கு எழுதிப் போட்டாயிற்று.

அது வருகிறவரை விடுதிக்குப் பக்கத்தில் இருக்கிற பால்காரர் மாட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தாலே "பாப்பா வந்துடுச்சு, வாளிய எடுங்க" என்கிறார். ஆனால் நாலு நாளாக ஒன்றும் மிதக்கவில்லை. கடையில் வாங்கின கல்லுப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் போட்டேன். நேற்று மட்டும் ஒரு ஸ்லைடில் நிறையத் தெரிந்தது, போனை கண்வில்லையில் வைத்து ஒன்பது படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். எட்டாவது படத்தில் இருப்பது ஈமீரியாவா (குடலில் வாழ்கிற ஓரணு ஒட்டுண்ணி)?

சாணிக்கியன்:

தலைப்பு பிரமாதம். வீட்டு மாடு, காட்டுமாடு இரண்டிலும் ஒரே மாதிரி முட்டை கிடைத்தாலும் "ஒரே புழு" என்று எழுதிவிடாதீர்கள், "ஒரே வகை முட்டை" என்று நிறுத்திக்கொள்ளுங்கள், மீதி எத்தனால் குப்பியில் இருக்கிறது.

200 கிராம் எந்த மூலைக்கு? ஒரு லிட்டருக்கு 400 கிராம் போட்டுச் சூடாக்கிக் கலக்குங்கள், ஆறின பிறகு அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் தங்க வேண்டும், அப்போதுதான் நிறைவு. கல்லுப்பில் அழுக்கு இருக்கும், துணியில் வடிகட்டுங்கள். ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கி 1.20 காட்டுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

மூன்றாவது படம் ஸ்ட்ராங்கைல் வகை, அழகாக வந்திருக்கிறது, அந்தத் தண்ணியான கரைசலிலும் எப்படியோ ஏறி வந்திருக்கிறது, பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஆறாவது, ஏழாவது மகரந்தம். எட்டாவதில் விளிம்பு கன்னங்கரேலென்று தடிமனாக, உள்ளே ஒன்றுமே இல்லாமல், காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டமாக இருக்கிறது பாருங்கள். அது காற்றுக் குமிழி.